சிவப்புச் சீட்டு ஒட்டிய ஸ்டூல்

அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. பிரஸ்ஸில் கழிந்த ரப்பரை வெட்டி அந்தக் காலுக்குச் செருப்பு மாதிரி நான்தான் மாட்டிவிட்டேன். உட்காருகிற இடத்தில் பழைய புடவையைக் கிழித்துப் பட்டை பட்டையாகச் சுற்றி வைத்திருந்தாள் அந்தத் தங்கச்சி. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஆடாது, குத்தாது. அதைப் பிடுங்கிக்கொண்டு போனதில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில், ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்துகிற பிரஸ் ஓட்டுகிறேன். வண்டி இன்ஜினில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற கறுப்பு வளையங்கள் செய்கிறோம். நாங்கள் ரிங் என்போம். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழ் படிப்பேன், எழுதுவேன். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறப்பதுதான் வராது. டீக்கடையில்கூட பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும் என்று காத்திருந்து, எனக்கும் அதே என்று கையைக் காட்டுகிற ஆள். நெமிலிச்சேரியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கும்வரை யாரோடும் பேசாமல் வருவேன். கம்பெனியில் என்னை ஊமை அண்ணே என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. நான் அதற்கும் பதில் சொன்னதில்லை.

என் பிரஸ்ஸுக்கு நேர் எதிரே செக்கிங் டேபிள். அதில் வேலை செய்தவள்தான் நான் சொல்லும் தங்கச்சி. மேனாம்பேட்டிலிருந்து நடந்தே வருவாள். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். காண்ட்ராக்ட் ஆள். ஒவ்வொரு ரிங்கையும் எடுத்து, இரண்டு கட்டை விரலுக்கும் நடுவே இழுத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். கீறல், கிழிசல், குமிழி எது இருந்தாலும் சிவப்பு டிரே. நன்றாக இருந்தால் நீல டிரே. காலையிலிருந்து சாயந்திரம் வரை இதுதான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. பச்சையாகக் கயிறு முறுக்கின மாதிரி தெரியும். அதனால்தான் அந்த ஸ்டூல்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். பிரஸ், கட்டர், தராசு, தள்ளுவண்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். துடைப்பத்துக்கும் வைப்போம். அவள் தன் டேபிளுக்கு வைத்துவிட்டு ஸ்டூலின் நாலு காலுக்கும் வைத்தாள். ரப்பர் செருப்புப் போட்ட காலுக்கு மட்டும் பெரிய பொட்டு.

பூஜை முடிந்து கொஞ்ச நாளில் கன்சல்டன்ட் ஒருவர் வந்தார். ஜப்பான்காரன் முறையில் கம்பெனியை மாற்றப் போகிறோம் என்று பிளான்ட் ஹெட் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். ஐந்து ஜப்பான் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, எல்லோரும் சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றார்கள். செய்ரி, செய்டன், செய்சோ என்று கத்தினோம். கட்டர் மெஷின்காரர் ஒருவர் பாடியிலிருந்து வருவார், எங்கள் கம்பெனிக்கே சிரிப்புக்காரர். என் காதோரம் வந்து, "மாமே, செய்ரி செய்ரின்றான், இன்னா செய்யறதுன்னு மட்டும் சொல்ல மாட்றான்" என்றார்.

நான் அந்த முறையைக் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் தரையில் எண்ணெய் கிடக்கும், வழுக்கி விழுந்து என் முழங்கை விலகியிருக்கிறது. மஞ்சள் கோடு போட்டு, நடக்கும் வழி இது, பொருள் வைக்கும் இடம் இது என்று பிரித்த பிறகு யாரும் விழவில்லை. ஸ்பானரைத் தேடி அலைவது நின்றது. நல்ல விஷயத்தை நல்லது என்று சொல்ல எனக்குக் கஷ்டமில்லை. என் கோபம் வேறு.

அந்த முறையில் முதல் வேலை செய்ரி, அதாவது தேவையில்லாத பொருளைப் பிரிப்பது. எது தேவையில்லையோ அதில் சிவப்புச் சீட்டு ஒட்டி, கம்பி வலை போட்ட ஒரு கூண்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அது தனக்கு வேண்டும் என்று யாராவது காரணம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். கன்சல்டன்ட் கையில் சீட்டுக் கட்டோடு ஒவ்வொரு இடமாக வந்தார். கூடவே பிளான்ட் ஹெட், குவாலிட்டி இன்ஜினியர்.

செக்கிங் டேபிளில் நின்றார். ஸ்டூலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது எதுக்கும்மா?"

"ஒக்காற சார்."

"இது இல்லாம வேலை நடக்குமா, நடக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் பிளான்ட் ஹெட் முகத்தைப் பார்த்தாள்.

"நடக்கும் சார்" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் யார் இப்படிக் கேட்டாலும் பதில் அதுதான். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? முடியும் சார். ஃபேன் இல்லாமல் ஓட்ட முடியுமா? முடியும் சார். முடியாது என்று சொன்னால், முடிகிற ஒருத்தர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அப்படிக் கேட்கிறார்கள். கால் வலிக்குமா என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை.

சீட்டை ஒட்டினார். குங்குமத்துக்கு மேலேயே ஒட்டினார்.

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, பூஜை போட்ட ஸ்டூலுண்ணா அது. பொட்டு கூட அழியல, அது மேலயே சீட்ட ஒட்டிக்கினு போறான். இவன்லாம் வெளங்குவானா?"

"கேக்கலாம்மா. கூண்டுலேருந்து எடுத்துக்கலாம்னு சொன்னாங்க இல்ல."

"காரணம் எழுதித் தரணுமாம். இன்னான்னு எழுதறது? எனுக்கு காலு கீதுன்னா?"

மறுநாள் பிளான்ட் ஹெட் போனில் படம் எடுத்தார். எங்கள் கம்பெனியில் எதை மாற்றினாலும் இரண்டு படம் எடுத்து, ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, போர்டில் மாட்டுவார்கள். ஒன்றுக்குக் கீழே 'முன்' என்று இருக்கும், இன்னொன்றுக்குக் கீழே 'பின்'. 'முன்' படத்தில் சிவப்புச் சீட்டோடு அந்த ஸ்டூல். 'பின்' படத்தில் புதிதாக மஞ்சள் கோடு போட்ட சதுரம், அதற்குள் அவள் நிற்கிறாள். கோடு முழுவதும் தெரிய வேண்டும் என்று போனைக் கீழே இறக்கி எடுத்ததால் கழுத்துக்கு மேலே இல்லை. கையும் வயிறும் காலும்தான். 'தேவையற்ற இருக்கை அகற்றப்பட்டது, இடம் மிச்சம்' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் பிறகு எதையும் வைக்கவில்லை. காலியாகத்தான் கிடந்தது.

அவள் நின்றாள். சித்திரை, வைகாசி வெயிலில் பிரஸ் சூடும் சேர்ந்து அடிக்க நின்றாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொள்வாள். கொக்கு மாதிரி என்று கட்டர்காரர் கேலி செய்வார். "ஆமாண்ணாத்தே, மீனு வர்ற வரைக்கும் நின்னுக்கினு கீறேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சாயந்திரம் செருப்பை மாட்டும்போது பார்த்தால், காலையில் போட்ட செருப்புக்குள் கால் போகாது.

அப்புறம் ஒரு கிழிந்த ரிங் கஸ்டமரிடம் போய்விட்டது. அங்கே இன்ஜினில் மாட்டி, எண்ணெய் கசிந்து, புகார் வந்தது. ரிங் திரும்பி வந்தது. அந்தக் கிழிசலை நானும் பார்த்தேன். ஓரத்தில், நகக்கீறல் மாதிரி. அவள் பார்த்திருக்க வேண்டியதுதான். இல்லை என்று அவளும் சொல்லவில்லை.

மீட்டிங் போட்டார்கள். ரிங் என் பிரஸ்ஸில் வந்தது என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். அந்த அறையில் ஏ.சி., சாயும் நாற்காலி. எங்கள் இருவருக்கும் அந்த மாதிரி நாற்காலி பழக்கமில்லை, நாற்காலி நுனியில் இருந்தோம். குவாலிட்டி இன்ஜினியர் போர்டில் மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், சின்ன வயது, கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முள்ளிலும் ஒன்றை எழுதினார். ஆள், மெஷின், பொருள், முறை.

"இன்னா சார், மீன வரைஞ்சிட்டீங்க, கொழம்பு எங்க?" என்றாள் அவள். இன்ஜினியர் சிரித்துவிட்டார். பிளான்ட் ஹெட் சிரிக்கவில்லை.

பிறகு ஏன், ஏன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தப்பு நடந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டுமாம். அப்படிக் கேட்டால் அடியில் இருக்கும் உண்மைக் காரணம் வந்துவிடுமாம். நல்ல முறைதான். என் பேத்தி அப்படித்தான் கேட்கிறாள்.

கிழிந்த ரிங் ஏன் கஸ்டமருக்குப் போனது? செக்கிங்கில் பார்க்கவில்லை. இன்ஜினியர் எழுதினார்.

ஏன் பார்க்கவில்லை? கவனம் இல்லை. எழுதினார்.

ஏன் கவனம் இல்லை?

"காலு வலி சார். நிக்க முடியல. சாயந்தரத்துல கண்ணு இருட்டுது" என்றாள்.

இன்ஜினியர் மார்க்கரைத் தூக்கினார். "கால் வலி" என்று எழுதப் போய் 'கா' வரை எழுதிவிட்டார். பிளான்ட் ஹெட் கையைக் காட்டினார்.

"கால் வலியெல்லாம் அவங்க பர்சனல். அதை கஸ்டமருக்கு அனுப்ப முடியுமா? புராசஸ்ல காரணம் சொல்லுங்க."

'கா'வை அழித்தார். 'கவனக்குறைவு' என்று எழுதினார். மெஷின் முள் காலி, பொருள் முள் காலி, முறை முள் காலி. ஆள் என்கிற முள்ளில் மட்டும் அவள் பெயர்.

இன்னும் ஒரே ஒரு ஏன் கேட்டிருந்தால் ஸ்டூல் வந்திருக்கும். அதற்கு அடுத்த ஏன், சீட்டு ஒட்டியவர். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியும், இன்ஜினியருக்குத் தெரியும், பிளான்ட் ஹெட்டுக்கும் தெரியும். கேள்வி கீழே போகிறவரை போனது. மேலே திரும்புகிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் இன்ஜினியரிடம் கேட்டேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"சார், அஞ்சு ஏன்னு சொன்னீங்க. மூணுலயே நிறுத்திட்டீங்களே."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அண்ணே, நாலாவது ஏன் கேட்டா என் வேலை போயிரும்ணே. எனக்கும் தெரியும்லா."

அவளைச் செக்கிங் டேபிளிலிருந்து எடுத்துப் பெருக்கும் வேலையில் போட்டார்கள். இது தற்காலிகம், தர மாதம் முடிந்த பிறகு டேபிளா, வீடா என்று முடிவு செய்வோம் என்று காண்ட்ராக்டரின் ஆள் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அந்த டேபிள் வேண்டும். பெருக்குகிறவர்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நிலையில்லாத வேலை.

தர மாதம் என்றால் தோரணம், உறுதிமொழி, பேச்சு, நாடகம். ஒவ்வொரு செக்ஷனும் ஒரு நாடகம் போட வேண்டும். எங்கள் செக்ஷன் நாடகத்தை மேலே இருந்தே எழுதிக் கொடுத்தார்கள். தூங்குமூஞ்சி அக்கா என்று ஒருத்தி. கொட்டாவி விடுவாள், போன் பார்ப்பாள், கிழிந்த ரிங்கை நீல டிரேயில் போடுவாள். கஸ்டமர் வந்து அழுவார். தர தேவதை வந்து புத்தி சொல்லும். கடைசியில் தூங்குமூஞ்சி அக்கா கைகூப்பி, 'என் கவனக்குறைவுதான் காரணம்' என்பாள். எல்லோரும் கைதட்ட வேண்டும்.

தூங்குமூஞ்சி அக்காவாக நடிக்க என்னைப் போட்டார்கள். மீசை வைத்த ஆள் புடவை கட்டினால் சிரிப்பு வரும். அதுவும் ஊமை அண்ணே கட்டினால். நான் முடியாது என்று சொல்ல மாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கேட்டுக்குப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். குனிந்த தலை நிமிரவில்லை.

"பண்ணுண்ணா. நீ பண்ணலன்னா வேற எவனாச்சும் இன்னும் கேவலமா பண்ணுவான். புடவ வோணுமா? நானே இஸ்திரி போட்டு எடுத்தாறேன்."

"அப்படிச் சொல்லாதம்மா."

துடைப்பத்தை நிறுத்தினாள். "நான் தூங்கலன்னு உனுக்குத் தெரியும் இல்ல? எதிர்லயே தான நின்ன?"

"தெரியும்."

"அது போதும், போ" என்றாள். அது போதாது. எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? டேபிளை முடிவு செய்கிறவன் நான் இல்லை.

நாடகத்தன்று பேக்கிங் செக்ஷனில் மரப் பலகைகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். பிளான்ட் ஹெட் முன்வரிசையில். யூனிஃபார்முக்கு மேலேயே புடவையைச் சுற்றி விட்டார்கள். கீழே ஷூ தெரிந்தது. ஏறுவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியே ஓடிவிடலாம் என்றுதான் திரும்பினேன். திரும்பின இடத்தில் கூண்டு இருந்தது.

அதிலிருந்ததை இன்னும் பழைய இரும்புக்கு ஏற்றவில்லை; கொண்டி மட்டும்தான், பூட்டு இல்லை. திறந்தேன். ஸ்டூல் தூசி படிந்து கிடந்தது, சிவப்புச் சீட்டு வெளுத்து ரோஸ் கலராகியிருந்தது. ரப்பர் செருப்பு காலிலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு மேடையில் ஏறி, போட்டு, உட்கார்ந்தேன். ரிங்கை எடுத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். கொட்டாவி விடவில்லை.

கட்டர்காரர்தான் தர தேவதை. தலையில் அட்டைக் கிரீடத்தோடு வந்து நின்று, முழித்தார். "யம்மா தூங்குமூஞ்சி, இன்னா இன்னும் தூங்கல? டயலாக்க மறந்துட்டியா?"

கூட்டம் சிரித்தது. நான் வாயைத் திறந்தேன். வந்த குரல் என் குரலாகவே இல்லை, கீச்சென்று வந்தது.

"ஒக்காந்துகினு பாத்தா ஏன் தூக்கம் வரப்போவுது? ஸ்டூல நீங்கதான் புடுங்கிக்கினு போனீங்க. நிக்க வெச்சே பாக்கச் சொன்னீங்க. காலு வலிக்குதுன்னா அழிச்சிட்டீங்க. அப்புறம் நான் தூங்குமூஞ்சியா?"

விசில். இடி மாதிரி சிரிப்பு. அந்தக் குரலும் மீசையும் புடவையும் சேர்ந்து அவர்களுக்குப் பெரிய காமெடியாகப் போய்விட்டது. பிளான்ட் ஹெட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஊமை அண்ணேக்குள்ள இப்படி ஒரு ஆர்ட்டிஸ்டா!" என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். எனக்குச் சிறந்த நடிகர் என்று ஜிகினாத் தாள் சுற்றிய டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நான் நின்றேன். என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை உண்மையைப் பேசினேன், அதற்கு நடிப்புப் பரிசு.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்ஜினியரிடம் போனேன்.

"கஸ்டமருக்கு அனுப்பின ஷீட்ல ஆளை மாத்தியாச்சுன்னு எழுதிட்டோம்ணே. அதுக்கப்புறம்தான் அவங்க புகாரை முடிச்சாங்க. இனிமே அவங்களை அந்த டேபிள்ல பார்த்தா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

"காரணமே பொய்தானே சார்?"

அவர் கையிலிருந்த தாள்களை அடுக்கினார். "ஆனா உங்க ஸ்டூல் பாயின்ட்டை எடுத்துக்கிட்டாங்கண்ணே. புதுசா வாங்கப் போறாங்க" என்றார். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்தார்.

புது ஸ்டூல் வந்தது. சக்கரம், ஏற்றி இறக்கும் கைப்பிடி, முதுகுக்குச் சின்னத் திண்டு. பழைய ஸ்டூல் இரும்பு லாரியில் போனது. செக்கிங் டேபிளுக்கு ஆவடியிலிருந்து வருகிற ஓர் அம்மாவைப் போட்டார்கள். யோசனை என்னுடையது என்று என்னைப் புது ஸ்டூலில் உட்காரச் சொல்லிப் படம் எடுக்க வந்தார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டு பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, காலி ஸ்டூலைப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் போர்டில் தாள் மாட்டியிருந்தது. 'பின்' என்ற இடத்தில் புது ஸ்டூல். 'முன்' என்ற இடத்தில் மஞ்சள் சதுரத்துக்குள் நிற்கிற, தலையில்லாத அவள். அதே படம். ஸ்டூலைப் பிடுங்கினபோது எதை 'பின்' என்று மாட்டிக் கைதட்டினார்களோ, அதையே எடுத்து இப்போது 'முன்' என்று மாட்டியிருந்தார்கள். பிடுங்கினதும் முன்னேற்றம், கொடுத்ததும் முன்னேற்றம். இரண்டுக்கும் அவள் காலே சாட்சி. அவள் மட்டும் இல்லை. நான் அந்தப் போர்டின் முன்னால் நின்று என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. எல்லாம் மனதுக்குள்தான்.

கொஞ்ச நாள் கழித்து அம்பத்தூர் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். பாடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருக்கிறது என்றாள்.

"அங்க ஒக்கார வைக்கிறாங்களா?"

"பொட்டி மேல ஒக்காந்துக்குவேன். அவன் பாத்தா எழுந்துக்குவேன். நம்ம டேபிள்ல இப்போ யாரு?"

சொன்னேன். புது ஸ்டூலைப் பற்றியும் சொன்னேன். "ஒக்காரட்டும், யாராச்சும்" என்றாள். பிறகு படத்தைப் பற்றிச் சொன்னதும் கத்திரிக்காய் பொறுக்கின கை நின்றது.

"என் காலா? என் காலையா இன்னும் மாட்டி வெச்சிக்கினு கீறானுங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆள தொரத்திட்டு, கால மட்டும் வர்றவன் போறவனுக்குக் காட்டிக்கினு கீறானுங்களா? த்தூ. அத கிழிச்சிப் போடுண்ணா. வேற ஒண்ணும் நீ எனுக்கு செய்ய வோணாம். அத மட்டும் செய்யி."

திங்கட்கிழமை போனவுடன் கிழித்தேன். ஓரமாக நகத்தை விட்டு, அந்தப் படத்தை மட்டும். இன்ஜினியர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இந்த வாரம் கஸ்டமர் ஆடிட்ணே, போர்டெல்லாம் வந்து பார்ப்பாங்க."

"தெரியும் சார்."

அவர் போய்விட்டார். படத்தை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் பிளான்ட் ஹெட் சுற்றி வந்தார். போர்டில் 'முன்' என்பதற்கு மேலே பசைத் தடம் மட்டும் இருந்தது.

"முன் போட்டோ எங்கேப்பா?"

"விழுந்துட்டு சார்" என்றார் இன்ஜினியர்.

"வேற எடுத்து ஒட்டு."

"இப்ப எல்லாரும் உக்காந்துதான சார் பார்க்காங்க. முன் எப்படி எடுக்க?"

"இது ஒரு விஷயமா? ஸ்டூலைத் தள்ளி வெச்சிட்டு அந்தம்மாவை ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லு."

அந்த அம்மா உடனே எழுந்துவிட்டார். "சரி சார்" என்றார். சக்கர ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளினார்கள். இன்ஜினியர் போனை எடுத்தார். மஞ்சள் கோடு தெரிய வேண்டும் என்று கீழே இறக்கினார்.

என் பிரஸ் மூடியிருந்தது. உள்ளே ரிங்குகள் வெந்துகொண்டிருந்தன. நேரத்துக்குத் திறக்காவிட்டால் மொத்தமும் வீண். விட்டுவிட்டு நடந்தேன். அந்த அம்மாவை உட்காரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மஞ்சள் சதுரத்துக்குள் போய் நான் நின்றேன்.

"இன்னாய்யா?" என்றார் பிளான்ட் ஹெட்.

"நிக்கிற ஆளுதான வோணும்? நான் வந்த நாள்லேருந்து நின்னுக்கினுதான் கீறேன். என்ன எடுங்க."

"சரி, எடுப்பா, நேரமாவுது."

இன்ஜினியர் போனைத் தூக்கினார். கை கீழேயே இருந்தது.

"சார்" என்றேன். "தலையோட எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். போனை மேலே உயர்த்தினார். நான் கேமராவை நேராகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தில்கூட நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிரஸ்ஸுக்குத் திரும்பி வந்தபோது ரிங்குகள் வீணாகியிருந்தன. அள்ளிச் சிவப்பு டிரேயில் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்துக்கும் பதில் வைத்திருந்தேன்.

ஆடிட்டுக்கு வந்தவர் போர்டு முன்னால் நின்றாராம். நான் பிரஸ்ஸில் இருந்தேன், கட்டர்காரர்தான் வந்து சொன்னார். 'முன்' என்ற இடத்தில் இருந்த என் படத்தைப் பார்த்துவிட்டு, இவர் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று கேட்டாராம்.

"அது முன்னாடி எடுத்தது சார்" என்றாராம் பிளான்ட் ஹெட்.